ஐஎன்ஆர் மெஷின் ஆன்லைனில் வாங்கப் போகிறீர்களா? என் 14,500 ரேண்ட் போன கதையைப் படித்துவிட்டு வாங்குங்கள்

இதயத்தில் உலோக வால்வு வைத்திருப்பவர்கள், அதிலும் குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கும் பெண்கள், தயவுசெய்து இதைக் கடைசிவரை படியுங்கள். ஐஎன்ஆர் என்பது ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் எண்; கூடினால் ரத்தம் கசியலாம், குறைந்தால் உறையலாம். ஆன்லைனில் மருத்துவக் கருவி விற்கும் ஒரு கடை என்னிடம் 14,500 ரேண்ட் வாங்கிக்கொண்டு, காலாவதியான ஸ்ட்ரிப்புகளையும் (ரத்தச் சொட்டு விடும் சோதனைப் பட்டைகள்), அது வெளியே தெரியாதபடி தேதியை மாற்றிவைத்த மெஷினையும் அனுப்பியிருக்கிறது. போலீஸில் புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே போடவில்லை.

சின்ன வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் என் மைட்ரல் வால்வு கெட்டுப்போய் உலோக வால்வு வைத்தார்கள். அன்றிலிருந்து தினமும் வார்ஃபரின், ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை. கல்யாணமாகி தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்கு வந்த பிறகு, இப்போதுதான் டாக்டர்கள் குழந்தையைப் பற்றிப் பேசவே சம்மதித்தார்கள். சாதாரண விஷயம் இல்லை இது. வார்ஃபரின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும். 6 முதல் 12 வாரத்துக்குள் மூக்கும் எலும்பும் உருவாவதையே கெடுத்துவிடலாம். அதே வேலையைச் செய்யும் ஹெப்பாரின் ஊசி குழந்தைக்குப் போகாது, ஆனால் வால்வில் ரத்தம் உறையும் ஆபத்து அதில் கூடுதல். தினம் 5 மில்லிகிராமுக்குள் போதும் என்றால் மாத்திரையையே தொடரலாமா என்று டாக்டர்கள் யோசிப்பார்கள். எனக்கு 7.5 வேண்டியிருக்கிறது. அதனால் அந்த வாரங்களில் ஊசி, பிறகு மாத்திரை, 36ஆம் வாரத்தில் மறுபடி ஊசி என்று திட்டம் போட்டுக் கொடுத்தார்கள். அதற்கெல்லாம் முன்னால் என் ஐஎன்ஆர் 2.5க்கும் 3.5க்கும் இடையில் ஆடாமல் நிற்க வேண்டும். வாராவாரம் பார்க்க வேண்டும்.

வேலைக்குப் போய்க்கொண்டு வாராவாரம் லேபில் போய் நிற்க முடியவில்லை. விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் விட்டால் ஒரு நிமிடத்தில் எண் காட்டும் மெஷின் இருக்கிறது, லேப் ரிசல்ட்டோடு அவ்வப்போது ஒப்பிட்டுப் பார்த்தால் நல்லதுதான் என்று டாக்டரும் சொன்னார். மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) பணம் தர மறுத்துவிட்டது. அப்போதுதான் இந்தக் கடை கண்ணில் பட்டது.

போனை எடுத்தவர் என் பெயரைக் கேட்டதுமே "வணக்கம்மா" என்றார். எந்த வால்வு, எத்தனை வருஷமாச்சு, டார்கெட் என்ன என்று விவரம் தெரிந்தவர் மாதிரி விசாரித்தார். அவருடைய அக்காவுக்கும் வால்வு ஆபரேஷன் நடந்ததாம். வருஷா வருஷம் தைப்பூசக் காவடிக்கு எங்கள் பக்கத்துக் கோயிலுக்குத்தான் வருவாராம். "குழந்தை பிறந்ததும் போட்டோ அனுப்பணும், சிஸ்டர்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்காரர் அன்றே 14,500 ரேண்டை அந்தக் கணக்குக்கு அனுப்பினார். எங்கள் பிரசவச் செலவுக்கென்று ஒதுக்கிவைத்த பணம் அது.

மெஷின் வந்தது, பெட்டியும் புதுசாகத்தான் இருந்தது. சில ஸ்ட்ரிப்புகள் எரர் காட்டின, சில எண் காட்டின. ஒரு தடவை 3.9 வந்தது. கிளினிக்குக்குப் போன் பண்ணினேன், மாத்திரையைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார்கள். அடுத்த முறையும் அதிகமாகவே காட்டியது. வழக்கமான செக்கப்புக்குப் போனபோது லேபில் வந்த எண் 1.7. அன்று காலையில் வீட்டு மெஷின் காட்டியது 3.4!

1.7 என்றால் வால்வில் எந்த நேரமும் ரத்தம் உறையலாம். உடனே எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தார்கள், வால்வு நன்றாக இருந்தது. எண் ஏறும்வரை வயிற்றில் ஹெப்பாரின் ஊசி போட்டுக்கொண்டேன். குழந்தைத் திட்டத்தைத் தள்ளிவைத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து மெஷினை எடுத்துப் பார்த்தோம். திரையில் தேதி சரியாக இரண்டு வருஷம் பின்னால் இருந்தது. ஸ்ட்ரிப் டப்பாவோடு வரும் கோட் சிப்பில் இருக்கும் காலாவதித் தேதியைத் தன் கடிகாரத்தோடு வைத்துத்தான் மெஷின் சரிபார்க்கும். கடிகாரத்தைப் பின்னால் தள்ளிவிட்டால் பழைய ஸ்ட்ரிப்பும் அதற்குப் புதுசுதான். டப்பாவில் தேதி இருந்த இடத்தில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர். நகத்தால் கிள்ளி உரித்தால் அடியில் பழைய தேதி. இது தெரியாமல் நடந்ததா?

போன் பண்ணினால், முதலில் "கூரியரில் சூடாகியிருக்கும்" என்றார்கள். அப்புறம் "நீங்கள் ரத்தத்தைச் சரியாக விடவில்லை". அப்புறம் மேனேஜர் லீவில். கடைசியாக அதே "வணக்கம்மா" ஆள் சொன்னார்: "டெஸ்ட்டே தேவைப்படாத புது மாத்திரை வந்திருக்கே, அதுக்கு மாறிடுங்களேன்". உலோக வால்வுக்காரர்களுக்கு அந்த மாத்திரைகள் கூடவே கூடாது. அதில் ஒன்றான டாபிகாட்ரானை உலோக வால்வு வைத்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வில் ரத்தம் உறைவதும் கசிவதும் இரண்டுமே அதிகமாகி, பாதியில் நிறுத்தினார்கள். 2013இல் வெளியானது அது. இந்த ஆள் அதைப் போனில் சிபாரிசு செய்கிறார்! 14,500 ரேண்டைத் திருப்பிக் கேட்டதும் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள். நீங்களே அனுப்பிய பணத்தைத் திரும்ப எடுக்க முடியாது என்று வங்கி சொல்லிவிட்டது. போலீஸில் கேஸ் நம்பர் மட்டும் கிடைத்திருக்கிறது.

என்ன செய்யலாம் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது மனசு ஓடவில்லை. அவசரத்துக்கு இவ்வளவு: டப்பாவில் இருக்கும் எண்ணும் கோட் சிப்பில் இருக்கும் எண்ணும் ஒன்றா பாருங்கள். மெஷினின் தேதியைப் பாருங்கள். ஸ்டிக்கர் இருந்தால் உரித்துப் பாருங்கள். முதல் வாரமே, ஒரே நாளில் லேபிலும் மெஷினிலும் பார்த்து ஒப்பிடுங்கள். லேப் ரிசல்ட் வருவதற்கு முன் டோஸை மாற்றாதீர்கள். குழந்தை வேண்டும் என்பதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள். நேரடி டிரான்ஸ்பரில் பணம் அனுப்பாதீர்கள். டர்பன் பக்கம் வேறு யாராவது இதே மாதிரி "வணக்கம்மா" கேட்டு மெஷின் வாங்கியிருந்தால், இன்றைக்கே அந்த டப்பாவை எடுத்துப் பாருங்கள், எனக்கும் எழுதுங்கள். சேர்ந்து புகார் கொடுப்போம்.