ஒறிஜினல் அலோய் றிம்மைப் பெயின்ற் அடிக்கக் குடுக்க முதல் இதை ஒருக்கா வாசியுங்கோ

என் றிம்மைக் கெடுத்த கடையின் பெயரைப் போடவில்லை. முறைப்பாடு போயிருக்கிறது, அது முடியட்டும். உள்பெட்டியில் வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

என்னுடையது 1990 ஆம் ஆண்டு யூனோஸ் ரோட்ஸ்டர். யப்பானுக்கு வெளியே மஸ்டா எம்எக்ஸ்-5 என்று விற்ற அதே இரண்டு இருக்கைக் கார். கொழும்பில் வாங்கி ஏ9 வீதி வழியாக யாழ்ப்பாணத்துக்கு நானே ஓட்டி வந்தேன். அதோடு வந்தவை நடுவிலிருந்து ஏழு கால் பிரிகிற அலோய் றிம்கள், அதாவது அலுமினியக் கலப்பில் வார்த்தவை, 14 அங்குலம், ஐந்தரை அகலம். இதைவிட மினுங்குகிற றிம் கடையில் எத்தனையும் வாங்கலாம். ஆனால் இந்த மாதிரிக் காருக்கு மதிப்பே பிறக்கும்போது வந்த சாமான்களில்தான். 2020 இல் வாகன இறக்குமதியை நிறுத்தின பிறகு பழைய காருக்கு ஏறின விலை எல்லாருக்கும் தெரியும். 2025 இல் திறந்துவிட்டார்கள்தான், அதற்காக முப்பத்தைந்து வயதுக் கார் கப்பலில் வந்து இறங்கப் போவதில்லை.

எங்கள் உப்புக் காற்றுக்கு றிம்மின் மேல்பூச்சு அங்கங்கே கிளம்பி, அடியில் வெள்ளைப் புழு ஊர்ந்த மாதிரிக் கோடுகள் விழுந்திருந்தன. இரண்டு சில்லில் ஓரம் கல்லில் உரஞ்சின காயம். பழைய நிறத்திலேயே திரும்ப அடிக்க வேண்டும், அவ்வளவுதான் என் தேவை.

டவுணுக்குக் கிட்ட ஒரு கடை. நாலுக்கும் 48,000 ரூபா, 30,000 முற்பணம். என்ன வேலை செய்யப் போகிறார்கள் என்று எழுதித் தரச் சொன்னேன். “என்ன அண்ணை, நம்பிக்கை இல்லையே?” என்றார் முதலாளிப் பெடியன். எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது, பேசாமல் வந்துவிட்டேன். நாலு சில்லையும் ஒரே நாளில் கொடுத்தது அடுத்த பிழை. இந்தக் காரின் ஸ்பெயார் சில்லு ஒல்லியான இரும்பு. ஆகவே ஒப்பிட்டுப் பார்க்க ஒரு அலோயும் என் கையில் மிஞ்சவில்லை. நடு மூடிகள் நாலையும் மட்டும் உடைந்துவிடும் என்று கழற்றி ஒரு பிஸ்கட் ரின்னில் போட்டு வைத்தேன்.

ஐந்து நாள் என்றது மூன்று கிழமை ஆனது. ஒரு பின்னேரம் சொல்லாமல் போய் நின்றேன். ஒரு சின்னப் பெடியன் காஸ் ரோச்சால் என் றிம்மில் பழைய பெயின்றை எரித்துக்கொண்டிருந்தான். அந்த இடத்திலேயே தூக்கிக்கொண்டு வந்திருக்க வேண்டும். இரும்பு சூடேறினால் சிவந்து காட்டும். அலுமினியம் அப்படிக் காட்டாது. சுத்த அலுமினியம் 660 பாகையில் உருகும், றிம் வார்க்கிற கலப்பு அதற்கும் முதலே இளகத் தொடங்கும். தூள் பூச்சைச் சுட்டுப் பிடிக்க வைக்கிற பவுடர் கோட்டிங் அடுப்பு ஏறக்குறைய 200 பாகை, அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே சூடு. ரோச் சுவாலை ஒரே இடத்தில் நின்றால் அந்தக் காலின் பலம் போகும், போனது கண்ணுக்கும் தெரியாது. பழைய பெயின்றை மருந்து போட்டு உரிக்கலாம், மென்மையான துகள் அடித்தும் எடுக்கலாம். “எல்லாரும் இப்பிடித்தான் அண்ணை செய்யிறது” என்றான் அந்தச் சின்னப் பெடியன். நானும் தலையாட்டினேன்.

வேலை முடிந்து எடுத்தது இரவு ஏழு மணிக்கு, ரியூப் லைற் வெளிச்சத்தில். பளபளவென்று இருந்தது, மிச்சக் காசைக் கொடுத்துவிட்டேன். விடியக் காலை முற்றத்தில் வைத்து மூடியைப் போட்டவுடன் வயிறு எரிந்தது. மூடி கொஞ்சம் மங்கலான, மஞ்சள் எட்டிப் பார்க்கிற சில்வர். றிம் நீலம் அடிக்கிற, பருமணியான சில்வர், அதாவது கார் பொடிக்கு அடிக்கிற பெயின்ற். சில்வர் என்றால் ஒரு நிறம் இல்லை. உள்ளே கிடக்கிற அலுமினியத் துகளின் பருமன், பெயின்ற் அடிக்கிற துவக்கின் காற்றழுத்தம், ஈரமாக விழுந்ததா உலர்ந்து விழுந்ததா, எல்லாம் சேர்ந்துதான் நிறம். நேரே பார்க்க ஒத்துப்போகிற சில்வர் சரித்துப் பார்த்தால் கறுக்கும். ஒழுங்கான ஆள் மூடிக்குப் பின்னால் வெயில் படாத இடத்தைத் துடைத்துப் பழைய நிறத்தைப் பிடிப்பார், ஒரு மட்டையில் அடித்துப் பகல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் காட்டுவார். மூடி பிளாஸ்ரிக், அதன் நிறமும் கொஞ்சம் மாறியிருக்கும்தான், ஆனால் இந்தளவுக்கு இல்லை.

பிறகு ஒவ்வொன்றாய்க் கண்ணில் பட்டது. ஓரக் காயத்தை நிரப்பியிருந்தது பட்டி. நகத்தால் சுரண்ட ஒரு செதில் கையோடு வந்தது. அளவும் ஜேடபிள்யூஎல் என்ற யப்பான் தர முத்திரையும் பெயின்றுக்குள் புதைந்து, விரலால் தடவினால் மட்டும் தெரிந்தன. யப்பான் றிம்முக்கு அந்த முத்திரைதான் சாட்சி. வாங்க வருகிறவன் முதலில் அதைத்தான் தேடுவான்.

இதெல்லாம் அழகுப் பிரச்சினை என்று விடலாம். அடுத்தது அப்படியில்லை. நட் வந்து இறுகுகிற கூம்புக் குழிக்குள்ளும், சில்லைத் தாங்குகிற ஹப்பில் பொருந்துகிற பின்முகத்திலும் தடிப்பாகப் பெயின்ற் அடித்திருந்தார்கள். அது எனக்கு அப்போது தெரியாது. பருத்தித்துறைக்குப் போகும் வழியில், வல்லை வெளியில், முன் இடப்பக்கம் டொக் டொக் என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் நாலு நட்டில் இரண்டு வெறுங்கையால் சுழன்றன. பெயின்றுக்கு மேல் இறுக்கினால் ஓட்டச் சூட்டில் அது நசிந்து உதிரும், இறுக்கம் போய்விடும். அந்த வெளியில் காற்றும் நானும்தான். மனைவி காருக்குள் இருந்தபடியே “என்னப்பா?” என்றாள். “ஒண்டுமில்லை” என்று சொல்லி, நட்டை இறுக்கி, முப்பதில் ஊர்ந்து நெல்லியடி வரை போனேன்.

அடுத்த நாள் கடைக்குப் போனேன். “தம்பி, சில்லு கழண்டிருந்தால்?” “இறுக்கினவன்ர பிழை அண்ணை.” “நிறம்?” “அலுமினியம்தானே, எல்லாம் சில்வர்தான்.” காசைத் திருப்பித் தர மாட்டாராம். வேணுமென்றால் இன்னொரு கோட் சும்மா அடித்துத் தருவாராம்!

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்குப் பதிவுத் தபாலில் முறைப்பாடு அனுப்பினேன். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், ஆகவே கதைத்துக் கதைத்து நாளை விடாதீர்கள். 1977 க்கு அழைத்தும் கேட்கலாம். பில் இல்லாத குறைக்கு வைபரில் விலை கதைத்த செய்திகளையும், கொடுக்க முதல் நான் எடுத்த ஒரேயொரு படத்தையும் இணைத்தேன். நீங்கள் நாலு சில்லையும் முன்னுக்கும் பின்னுக்கும், முத்திரை தெரிய, படம் எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

நட் குழியைச் சுத்தமாக்கிவிட்டேன். ஆனாலும் ரோச் பட்ட றிம்மில் ஓட மனம் வரவில்லை, கார் இப்போது இரவல் இரும்புச் சில்லில் நிற்கிறது. போன கிழமை இன்னொருவரிடம் விசாரித்தேன். விலை சொல்ல முதல் அவர் இரண்டு கேள்வி கேட்டார்: “எரிச்சவையோ?” “பழைய நிறம் எங்கையாவது மிச்சம் கிடக்கோ?” ஞாயிற்றுக்கிழமை பிஸ்கட் ரின்னோடு போகிறேன்.