குளிர்காலத்துக்கு எது: ஏர் பிஸ்டலா, பாயிண்ட் டூ டூவா?

குளிர் இறங்கித் திறந்தவெளிச் சுடுதளம் மூடிவிட்டால், கைத்துப்பாக்கிப் பயிற்சியைத் தொடர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, காற்றழுத்தத்தால் பெல்லட் என்ற சிறு ஈயக் குண்டைச் சுடும் 10 மீட்டர் ஏர் பிஸ்டல். மற்றது, கூரையுள்ள தளம் கிடைத்தால், 25 மீட்டரில் சுடும் பாயிண்ட் டூ டூ, அதாவது வெடிமருந்துத் தோட்டா போடும் .22 அங்குலக் கைத்துப்பாக்கி. இரண்டையும் மாறி மாறிச் சுட்டுப் பார்த்தவன் நான். என் ஓட்டு ஏர் பிஸ்டலுக்கு.

"பத்து மீட்டர்தானே, குழந்தைகள் விளையாட்டு" என்பவர்கள் குறியட்டையைக் கவனித்ததில்லை. ஏர் பிஸ்டல் அட்டையில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். 25 மீட்டர் நிதானச் சுற்று அட்டையில் அதே வட்டம் 50 மில்லிமீட்டர். மீட்டருக்கு எவ்வளவு என்று வகுத்தால் முன்னது 1.15, பின்னது 2. அதாவது கண்ணுக்கும் கைக்கும் ஏர் பிஸ்டலின் பத்துதான் சின்னது. பெல்லட்டும் மெதுவாகப் போவது. விசை (டிரிகர்) விழுந்த பிறகும் அது பேரலுக்குள் நகர்ந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் மணிக்கட்டு தளர்ந்தால் அட்டை காட்டிக்கொடுத்துவிடும். பாயிண்ட் டூ டூ குண்டு அதைவிட வேகமாக வெளியேறிவிடுவதால் இந்தப் பிழையைக் கொஞ்சம் மூடி மறைக்கும்.

விசையிலும் வேறுபாடு உண்டு. சர்வதேசப் போட்டி விதிப்படி விசையை இழுக்கத் தேவைப்படும் எடை ஏர் பிஸ்டலுக்குக் குறைந்தது 500 கிராம், 25 மீட்டர் பிஸ்டலுக்கு 1000 கிராம். விறைத்த விரலுக்கு 500 கிராம் என்பது நூலிழை. அதனால் கையை நன்றாகச் சூடாக்கிக்கொள்ளாமல் நான் எடுப்பதேயில்லை.

பாயிண்ட் டூ டூவுக்கு மட்டுமே உரிய சுவை ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 25 மீட்டர் வேகச் சுற்றில் குறி மூன்று விநாடிதான் தெரியும், ஏழு விநாடி மறையும். தாழ்த்திய கையை அந்த மூன்று விநாடிக்குள் உயர்த்தி ஒரு குண்டு சுட வேண்டும். அந்தத் தாளத்தை ஏர் பிஸ்டல் தராது. ஆனால் அதற்கு ஆகும் ஏற்பாட்டைப் பாருங்கள்: ஈயப் புகையை வெளியேற்றும் காற்றோட்டம், குண்டுச் செலவு, ஒவ்வொரு முறையும் தளம்வரை போய்வருவது. குளிரும் தன் பங்குக்குத் தொல்லை தரும். குண்டின் மெழுகுப் பூச்சு இறுகும், கெட்டியான கிரீஸ் ஸ்லைடின் ஓட்டத்தைக் குறைக்கும், தோட்டா சரியாக ஏறாமல் சிக்கும்.

ஏர் பிஸ்டலிலும் எல்லா வகையும் குளிருக்கு ஒத்துவராது. கார்பன் டை ஆக்சைடு வகையை நான் பரிந்துரைக்க மாட்டேன். உருளைக்குள் 20 டிகிரியில் சுமார் 57 பார் (அழுத்தத்தின் அலகு) இருக்கும் அழுத்தம், 0 டிகிரியில் சுமார் 35 பாராக இறங்கிவிடும். அதோடு பெல்லட்டின் வேகமும் இறங்கும். ஒரே முறை நெம்பிக் காற்றை அடைக்கும் வகைக்கு இந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் அறுபது குண்டுக்கு அறுபது முறை நெம்ப வேண்டும், தோள் கேட்கும். 200 பார் காற்றுருளை வகை சொகுசு. அதற்கு நிரப்பும் வசதி வேண்டும்.

இனி நோண்டும் ஆசைக்கு வருவோம். நீண்ட இரவுகளில் எனக்குப் பிடித்த வேலை கைப்பிடியைச் செதுக்குவதுதான். மரக்கைப்பிடியில் மரப்பட்டி (மரத்துக்கான புட்டி) அப்பி, உள்ளங்கையை அழுத்தி அச்செடுத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, மறுநாள் சுட்டுப் பார்த்து மறுபடி தேய்ப்பேன். கண்ணை மூடிக் கையை உயர்த்தித் திறந்தால் முன்சைட் (பேரல் முனையிலுள்ள குறிமுள்) பின்சைட்டின் நடுவில் தானாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால் கோளாறு கைப்பிடியில்தான். சைட் திருகைத் திருப்பி அதை மறைக்கக் கூடாது. கைப்பிடி மணிக்கட்டைத் தாங்கும் அளவுக்கு நீளவும் கூடாது, போட்டியில் ஒதுக்கிவிடுவார்கள். அடுத்தது பெல்லட் சோதனை. தலை அளவு 4.49, 4.50, 4.51, 4.52 மில்லிமீட்டர் என்று நுண்ணிய வித்தியாசத்தில் கிடைக்கும். பிஸ்டலைப் பிடிப்பானில் இறுக்கி ஒவ்வொன்றிலும் சில குண்டு சுட்டால், பேரலுக்கு எது பிடிக்கிறது என்று ஓட்டைகளே சொல்லும்.

பாயிண்ட் டூ டூவில் இன்னும் நிறைய பிரித்து மாட்டலாம் என்பது உண்மை. ஆனால் விசையின் உள்கொக்கியில் அரத்தைக் கொண்டுபோகாதீர்கள். தவறிப்போனால் ஒரு தட்டுக்கே வெடிக்கும் துப்பாக்கியாகிவிடும். அது தேர்ந்த கம்மியரின் வேலை. குண்டில்லாமல் விசை பழகுவதிலும் கவனம் வேண்டும். பல பாயிண்ட் டூ டூக்களில் அடிமுள் (தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் முள்) தோட்டா அறையின் விளிம்பில் மோதிக் காயப்படுத்தும், டம்மி தோட்டா போட வேண்டும். இன்றைய போட்டி ஏர் பிஸ்டல்களில் அதற்கென்றே தனி அமைப்பு இருக்கிறது. தினம் நூறு முறை விசை இழுக்க முடிவதுதான் குளிர்காலத்தின் லாபம். என் ஓட்டு அங்கேதான் விழுகிறது.

இந்தியத் துப்பாக்கிச் சுடுதல் வீராங்கனை மனு பாக்கரைப் பாருங்கள். டோக்கியோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றின் நடுவே அவருடைய ஏர் பிஸ்டல் பழுதாகி, விலைமதிப்பற்ற நிமிடங்கள் போயின; இறுதிச் சுற்றும் கைநழுவியது. 2024 பாரிஸில் 10 மீட்டரில் இரண்டு வெண்கலம், 25 மீட்டரில் நான்காம் இடம். இரண்டையும் சுடுபவர் அவர். எனவே வசந்தம் வந்ததும் பாயிண்ட் டூ டூவைக் கையில் எடுக்கலாம். அதுவரை அதைத் துடைத்துப் பெட்டியில் வையுங்கள். குளிரிலிருந்து வீட்டுக்குள் கொண்டுவந்ததும் மட்டும் பெட்டியைத் திறக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியே இருக்கட்டும், இல்லையென்றால் இரும்பு முழுக்க வியர்த்துவிடும்.