துபாய்ல "கோம் சில்க்" கார்ப்பெட் வாங்கப் போறீங்களா, ஒரு நிமிஷம்

துபாய், ஷார்ஜாவுல வேலை பாத்துட்டு ஊருக்குக் கிளம்பற நம்ம ஆளுங்க நிறைய பேரு ஒரு பெர்சியன் கார்ப்பெட் வாங்கிட்டுப் போலாம்னு நினைப்பாங்க, நாங்களும் அப்படித்தான் போனோம். வாசல்ல "கடையை மூடுறோம், பாதி விலை"ன்னு போர்டு (அது இன்னும் தொங்குது, கடையும் நல்லாத்தான் ஓடுது). எங்ககிட்ட சொன்னது இதுதான்: ஈரான்ல கோம் ஊர்ல நெஞ்சது, சுத்தப் பட்டு, 5க்கு 3 அடி, சதுர இஞ்சுக்கு 648 முடிச்சு, 14,000 திர்ஹாம் லேபிள் ஒட்டினத உங்களுக்காக 6,500.

வாங்கி கொஞ்ச நாள்லயே ஓரத்துல நூல் பிரிய ஆரம்பிச்சிடுச்சு. துபாய் தேரா ஏரியாவுல கார்ப்பெட் ரிப்பேர் பண்ற ஒரு ஈரானியப் பெரியவர்கிட்ட எடுத்துட்டுப் போனோம், அவரு மேல் பக்கத்த பாக்கவே இல்ல, நேரா புரட்டிப் போட்டாரு. கையால நெஞ்சதுதான், ஆனா இது காஷ்மீர்ல கோம் டிசைன பாத்து போட்டது, மேல இருக்கறது பட்டு இல்ல விஸ்கோஸ் (மரக்கூழ்லேர்ந்து செய்யற செயற்கைப் பட்டு), பாவு (அடியில நீளவாக்குல ஓடற நூல்) காட்டன், ஆயிரம் திர்ஹாமுக்கு மேல போகாதுன்னுட்டாரு.

கடைக்காரங்க எப்படி வித்தாங்கன்னு ஒவ்வொண்ணா சொல்றேன், ஏன்னா எல்லா இடத்துலயும் இதே டிராமாதான் நடக்குதாம்.

முதல்ல கார்ப்பெட்ட ரெண்டு பேரு பிடிச்சு சுத்தறது, ஒரு பக்கம் பாத்தா வெளிர், இந்தப் பக்கம் வந்தா அடர் கலரு, "பாருங்க சார் பட்டோட மேஜிக்"ம்பாங்க. மேல் நூல் ஒரு பக்கமா சாஞ்சிருக்கறதாலதான் அப்படித் தெரியுது, விஸ்கோஸும் அதே மாதிரி மின்னும். அடுத்து நூல கொளுத்திக் காட்டறது. முடி கருகற வாசன வந்து சாம்பல் பொடியா உதிர்ந்தா பட்டு, பேப்பர் எரியற வாசன வந்தா விஸ்கோஸ், சரியான டெஸ்ட்தான், காஞ்சிபுரத்துல புடவை எடுக்கறவங்களுக்கு சொல்லவே வேணாம். ஆனா அந்த ஆளு கொளுத்தின நூலு மேஜை டிராயர்லேர்ந்து வந்துச்சுங்க, எங்க கார்ப்பெட்லேர்ந்து இல்ல. ஓரத்துல தொங்கற குஞ்சத்துலேர்ந்து பிச்சு எரிச்சாலும் பிரயோஜனம் இல்ல, குஞ்சம்ங்கறது பாவோட நுனி, மேல இருக்கற நூலு வேற. மேல் முடிச்சுலேர்ந்தே ஒரு இழை எடுக்க சொல்லணும், மாட்டேன்னா எழுந்து வந்துடுங்க.

முடிச்சு எண்றதுல பண்ண வேலைதான் எனக்கு இன்னும் ஆறல. பின்பக்கம் ஸ்கேல் வச்சு லென்ஸ் கொடுத்து எங்களையே எண்ண விட்டாங்க, அகலத்துல 36, நீளத்துல 18, பெருக்கினா 648. பொய்யே சொல்லல பாருங்க! விஷயம் என்னன்னா ஒரு முடிச்சு ரெண்டு பாவு நூல்ல விழுது, பாவு ரெண்டும் ஒரே மட்டத்துல இருந்தா ஒரே முடிச்சு பின்னாடி பக்கத்துல பக்கத்துல ரெண்டு புள்ளியா தெரியும், அத ரெண்டுன்னு எண்ண வச்சிட்டாங்க. உண்மையில 18க்கு 18, அதாவது 324. காஷ்மீர்ல ரொம்ப சாதாரணமா போடற தரம் அது.

ஓரத்துல நெய்த உஸ்தாத் (பெரிய கைதேர்ந்த நெசவாளர்) பேரு ஃபார்சி எழுத்துல வேற இருந்துச்சு. பேர யாரு வேணா நெய்யலாம். சர்டிஃபிகேட்டும் அந்தக் கடையே அச்சடிச்சதுதான்.

காஷ்மீர் கார்ப்பெட் மட்டம்னு நான் சொல்லல, அங்கயும் அசல் பட்டுல அருமையா போடறாங்க, அத அந்தப் பேர்லயே வித்தா சந்தோஷமா வாங்கலாம். அதே மாதிரி முடிச்சு அதிகம்னா ஒசத்தின்னு சொல்றதும் பாதி பேச்சுதான். ஈரான்ல ஹெரிஸ் ஊர்ப் பக்கம் போடற கார்ப்பெட், கஷ்காய்ங்கற நாடோடி ஆளுங்க போடற கப்பேங்கற கார்ப்பெட் எல்லாம் முடிச்சு கம்மி, முரட்டு கம்பளி, ஆனா நல்ல பழைய ஹெரிஸுக்கு என்ன விலைன்னு கேட்டுப் பாருங்க. கம்பளியோட தரம், சாயம், வரைஞ்ச கை, இதுலதான் மதிப்பு இருக்கு. நிறம் பட்டை பட்டையா லேசா மாறியிருந்தா அது குறை இல்ல, சாயம் தோய்ச்ச நூல் ஒரு தொகுதி தீர்ந்து அடுத்தது வந்தது, அப்ராஷ்னு பேரு, எனக்கு அதுதான் அழகே. ஈரத் துணிய வச்சு தேய்ச்சா கலர் ஒட்டுதான்னு மட்டும் கட்டாயம் பாருங்க.

இன்னொண்ணு, "இது முதலீடு சார், அமெரிக்கா தடையால விலை ஏறப் போகுது"ன்னு ஒரு கதை விட்டாங்க. 2018ல அமெரிக்கா திரும்பவும் ஈரான் கார்ப்பெட்டுக்கு தடை போட்டப்போ ஈரான்காரங்களுக்கு பெரிய மார்க்கெட்டே கைவிட்டுப் போச்சு, வாங்க ஆளு குறைஞ்சா விலை எப்படிங்க ஏறும்?

திருப்பிக் கொடுக்கப் போனப்போ பணம் தரமாட்டோம், எக்ஸ்சேஞ்ச் மட்டும்தான்னு 18,000 லேபிள் போட்ட ஒண்ண நீட்டி மேல 5,000 கேட்டாங்க. பில்ல எடுத்தா அதுல வெறும் "கையால் செய்த கார்ப்பெட், ஒண்ணு"ன்னு இருக்கு, கோமும் இல்ல பட்டும் இல்ல. அதனால காசு கொடுக்கறதுக்கு முன்னாடியே எந்த ஊரு, மேல் நூல் என்ன, பாவு என்ன, எத்தன முடிச்சு, எல்லாத்தையும் பில்லுலயே எழுதி சீல் போட சொல்லுங்க, தனி சர்டிஃபிகேட் வேணாம்.

கன்ஸ்யூமர் புகார் கொடுத்தாச்சு, விசாரணைல இருக்கு, கடை பேரு கேட்டு இப்ப மெசேஜ் பண்ணாதீங்க ப்ளீஸ்.