கொடைக்கானல் சைக்கிள் டூர் என்று 18,600 ரூபாயை ஏமாற்றி வாங்கிவிட்டார்கள். பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

நேற்று ராத்திரி பத்து மணிக்கு அந்த ஆள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டான். 18,600 ரூபாய். அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மலைக்கு சைக்கிள் டூர் போகிறவர்கள் எதையெல்லாம் சரிபார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

நாங்கள் மதுரை. ஞாயிற்றுக்கிழமை விடியக்காலையில் நானும் மகனும் அழகர்கோவில் வரை சைக்கிளில் போய்வருகிற பழக்கம் உண்டு. பிளஸ் டூ பரீட்சை முடிந்ததும் கொடைக்கானலில் ஓட்டலாம் என்று ஒரு வருஷமாக அவனுக்குச் சொல்லி வைத்திருந்தேன். மலை ரோடு எங்களுக்குப் புதுசு. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் மூலமாகப் போகலாம் என்று தேடினேன்.

கிடைத்தது, சமூக வலைத்தளத்தில் மலைப்பகுதி சைக்கிள் டூர் நடத்துவதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு பக்கம். புகார் கொடுத்திருப்பதால் பேர் போடவில்லை. மூன்று நாள் திட்டம். முதல் நாள் கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, அங்கே ஒரு வீட்டில் தங்கல். மறுநாள் மன்னவனூர் போய்த் திரும்புவது. மூன்றாம் நாள் பேரிஜம் ஏரி. ஆளுக்கு 9,000, மலை ஏற எடுக்கிற இ-பாஸுக்கும், பேரிஜம் போக வனத்துறை தரும் பர்மிட்டுக்கும் சேர்த்து 600.

நான் எங்கே விழுந்தேன் என்று சொல்கிறேன். போனில் அந்த டூர்காரன் கேட்ட முதல் கேள்வி பணத்தைப் பற்றி இல்லை. "தம்பி எவ்வளவு உயரம்க்கா? உங்க உயரம்? ஃபிரேம் சைஸ் சரியா இல்லன்னா ஏத்தத்துல முட்டி போயிரும்க்கா" என்றான். என் பிள்ளையின் முட்டியைப் பற்றி யோசிக்கிறவன் ஏமாற்றுவானா? நான் மார்க்கர் போட்டு சுவரில் குறித்து, டேப் வைத்து அளந்து அனுப்பினேன். எந்த இடத்தில் ஏற்றம், எந்த இடத்தில் இறக்கம் என்று ஒரு வரைபடமும் அனுப்பினான். "நம்ம கம்பெனிதான்க்கா, நானே கூட வர்றேன்" என்றான். அன்றைக்கே 9,300 அனுப்பினேன். கிளம்புவதற்கு ரெண்டு நாள் முன்னால், பர்மிட்டுக்கு இன்றைக்கே கட்டியாக வேண்டும் என்று அவசரப்படுத்தினான். மீதி 9,300-ஐயும் அடுப்பில் பால் வைத்துக்கொண்டே அனுப்பிவிட்டேன்.

போன வெள்ளிக்கிழமை ஆரப்பாளையத்தில் அரசுப் பேருந்து ஏறி, வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் போய் இறங்கினோம். ஒன்றரை மணி நேரம் கழித்து ஒரு சின்னப் பையன் ரெண்டு சைக்கிளைக் கொண்டுவந்து இறக்கினான். மகனுக்கு வந்தது பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஓட்டுகிற அளவு. சீட்டை எவ்வளவு உயர்த்தியும் முட்டி ஹேண்டில்பாரில் இடித்தது. ஹெல்மெட் இல்லை. கூட வருவதாகச் சொன்னவனும் இல்லை. பர்மிட் பற்றிக் கேட்டால் பையனுக்கு ஒன்றும் தெரியவில்லை, பாவம். டூர்காரனுக்குப் போன் போட்டால், "நீங்க மெதுவா ஓட்டிட்டே இருங்கக்கா, பூம்பாறையில நல்ல சைக்கிள் மாத்தித் தர்றோம்." திரும்பிப் போயிருக்க வேண்டும். மகன் முகத்தைப் பார்த்துக் கிளம்பிவிட்டேன். அது என் தப்பு.

பூம்பாறை 18 கிலோமீட்டர். முதலில் ஏற்றம். சூரிய ஆய்வுக்கூடம் இருக்கிற இடம் 2,343 மீட்டர், ஊரைவிட உயரம். கியரை மாற்றினால் செயின் தாண்டியது, பாதி தூரம் தள்ளிக்கொண்டுதான் போனோம். அப்புறம் பூம்பாறைக்கு இறக்கம். மகன் முன்னால் போனான். திடீரென்று கரகரவென்று இரும்பு உரசும் சத்தம். பிரேக் கட்டை முழுக்கத் தேய்ந்து, உள்ளே இருக்கிற இரும்பு ரிம்மைச் சுரண்டுகிறது, சைக்கிள் நிற்கவில்லை. எதிரே கேரட் மூட்டை ஏற்றிய வேன். ரெண்டு காலையும் ரோட்டில் தேய்த்து, ஓரத்து மண்ணில் விழுந்துதான் நிறுத்தினான். முழங்கையில் தோல் போனது, அவ்வளவுதான். வளைவில் அந்த வேன் கொஞ்சம் முன்னால் வந்திருந்தால்? அதை நினைத்தால் இப்போதும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

மீதி இறக்கத்தைத் தள்ளிக்கொண்டே நடந்தோம். தங்கச் சொன்ன வீட்டைக் கண்டுபிடித்தோம். அங்கே இருந்த அம்மா வாசலில் உட்கார்ந்து பூண்டைக் கொத்துக் கொத்தாகக் கட்டிக்கொண்டிருந்தார். புகையில் காயப்போட அடுப்புக்கு மேலே தொங்கவிடுவார்கள். எங்களுக்குப் புக்கிங்கே இல்லை. "ஏம்மா, இந்த மாசத்துல நீங்க மூணாவது ஆளு. அந்தப் பய யாருன்னே எங்களுக்குத் தெரியாது" என்றார். மகன் கைக்கு மஞ்சள் வைத்து, கடுங்காப்பி கொடுத்து, காசு வாங்க மறுத்துவிட்டார். சைக்கிளை அங்கேயே விட்டுவிட்டு பஸ்ஸில் திரும்பினோம். மறுநாள் வனத்துறை அலுவலகத்தில் கேட்டேன். பேரிஜத்துக்கு எங்கள் பேரில் எந்த அனுமதியும் இல்லை.

அப்புறம் தொடங்கியது அலைக்கழிப்பு. முதலில் "டவர் இல்லாத இடத்துல இருக்கேன்க்கா". ஞாயிறு, "ஓனர்கிட்ட பேசிட்டுச் சொல்றேன்". நம்ம கம்பெனி என்றவனுக்கு இப்போது ஓனர் முளைத்துவிட்டார்! திங்கள், "சைக்கிளை ஓட்டிட்டீங்கல்ல, ரீஃபண்ட் வராது". செவ்வாய், பூம்பாறையில் விட்டுவந்த சைக்கிளை எடுக்க வண்டி வாடகை 1,500 நான்தான் தரவேண்டுமாம்! பிள்ளைக்கு அடிபட்ட போட்டோவை அனுப்பினேன். ஒரு கட்டைவிரல் படம் பதிலாக வந்தது. நேற்று பிளாக்.

18,600 ரூபாய் எனக்குச் சின்னப் பணம் இல்லை. சீட்டுப் பணம். பேங்கில் கேட்டால், நீங்களே பின் நம்பர் போட்டு அனுப்பியதுதானே என்கிறார்கள். சைபர் மோசடிப் புகார் எண் 1930-இல் புகார் கொடுத்தாயிற்று, நுகர்வோர் உதவி எண் 1915-லும் பதிந்திருக்கிறேன்.

சரி, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். முழுப்பணத்தையும் முன்னால் அனுப்பாதீர்கள். தங்குகிற வீட்டு நம்பரை வாங்கி நீங்களே பேசுங்கள். சைக்கிளை வாங்கியதும் பிரேக் கட்டையைக் குனிந்து பாருங்கள், பிடித்துத் தள்ளிப் பாருங்கள். இ-பாஸுக்குக் காசே கிடையாது. 2024 மே மாதத்திலிருந்து அது சொந்த வண்டி, வாடகை வண்டியில் மலை ஏறுகிறவர்களுக்குத்தான், அரசுப் பேருந்தில் போனால் தேவையும் இல்லை. அதற்கு யாராவது பணம் கேட்டால் அந்த இடத்திலேயே போனை வையுங்கள். பேசியதையெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நான் பாதிதான் எடுத்தேன். இன்னும் எழுத நினைத்தேன், முடியவில்லை.

மகன் போனிலிருந்து இன்று காலை அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். அதே பூம்பாறைப் படிக்கட்டு வயல் படம், அடுத்த வாரத் தேதி, "இன்னும் 4 இடம்தான்" என்று போட்டிருக்கிறான். அந்த நாலு பேரில் நீங்கள் யாராவது இருந்தால், தயவுசெய்து மீதிப் பணத்தை அனுப்பாதீர்கள்.