பதினொரு தோல்விகளின் விலையில் ஒரு கோப்பை: அட்டலாண்டாவின் 2023–24 சீசன்

கால்பந்துக் கழகம் ஒன்றின் சீசன் என்பதும் காசு கொடுத்து வாங்கும் பண்டம்தான். சீசன் டிக்கெட்டுக்கோ தொலைக்காட்சிச் சந்தாவுக்கோ ஆகஸ்டில் பணம் கட்டுகிறவர், மே மாதம் முடிவதற்குள் கைக்கு என்ன வந்து சேரும் என்பது தெரியாமலேயே கட்டுகிறார். அந்தக் கணக்கில் பார்த்தால், இத்தாலியில் அந்த ஆண்டு லீக் பட்டத்தை வென்ற இன்டர் மிலானைவிட, நான்காம் இடத்தில் முடித்த பெர்காமோ நகரத்து அட்டலாண்டாவே ரசிகருக்குக் கொடுத்த காசுக்கு மேல் கொடுத்தது என்பது என் கருத்து. இன்டரின் ஆட்டத்தில் குறை சொல்ல அதிகம் இல்லை. ஆனால் பாதி சீசன் தாண்டியதுமே முடிவு தெரிந்துவிட்டது. அட்டலாண்டா விஷயத்தில், ஐரோப்பியக் கழகங்களின் இரண்டாம் நிலைப் போட்டியான யூரோப்பா லீக் ஆட்டம் நடக்கும் அடுத்த வியாழக்கிழமை என்ன ஆகும் என்று மே மாதத்திலும் யாராலும் சொல்ல முடியவில்லை.

சீசன் தொடங்கும் முன்பே கழகம் தன் கடையில் இருந்த மிகச் சிறந்த பொருளை விற்றுவிட்டது. இளம் முன்கள வீரர் ராஸ்முஸ் ஹொய்லுண்ட் 7 கோடி யூரோவுக்கும் அதிகமான தொகைக்கு மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனார். அவருக்குப் பதிலாக வந்தவர்களின் பட்டியல் அப்போது நம்பிக்கை தரும்படி இல்லை. ஜியான்லுக்கா ஸ்கமாக்கா வெஸ்ட் ஹாமில் சோபிக்காமல் ஊர் திரும்பியவர். சார்ல் தெ கெட்டலேரே ஏசி மிலானில் ஒரு முழு சீசன் ஆடியும் லீக்கில் ஒரு கோல்கூட அடிக்காமல் கடனாக அனுப்பப்பட்டவர். பெரும் தொகைக்கு வாங்கப்பட்ட எல் பிலால் துரே களம் காணும் முன்பே காயப்பட்டுப் பல மாதங்கள் ஒதுங்கியிருந்தார். இப்படிப் பிறர் கைவிட்டவர்களை எடுத்துத் தேற்றுவதுதான் பயிற்சியாளர் ஜியான் பியெரோ காஸ்பெரினி 2016 முதல் அங்கே செய்துவந்த வேலை. அந்த வேலையின் தரத்தை இந்த சீசனில்தான் முழுமையாகப் பார்க்க முடிந்தது.

காஸ்பெரினியின் ஆட்டமுறையைப் புரிந்துகொள்ளாமல் இந்த சீசனை மதிப்பிட முடியாது. மைதானம் முழுவதும் ஆளுக்கு ஆள் பிடிப்பது அவருடைய முறை. பின்களத்தில் நிற்க வேண்டிய மூவரில் ஒருவர், தான் பொறுப்பேற்ற எதிரணி வீரர் நடுக்களத்துக்கு இறங்கினால், கூடவே ஓடிப் போய் அங்கேயே அவரை மறிப்பார். பின்கள வீரர் பெராட் ஜிம்சித்தி எதிரணியின் பாதியில் பந்தைப் பறிக்கும் காட்சியை அடிக்கடி காணலாம். பந்து கிடைத்தவுடன் இரு ஓரங்களிலும் இருக்கும் வீரர்கள், ஒருவர் மறுபக்கத்திலிருந்து அனுப்பும் பந்தை மற்றவர் கோலாக்கும் அளவுக்கு முன்னேறுவார்கள். இந்த முறையில் ஒவ்வொருவரும் தன் ஆளை விடாமல் பிடித்திருக்கும்வரை எதிரணிக்கு மூச்சு விட இடம் இருக்காது. ஒரே ஒருவர் ஏமாந்தாலோ களைத்தாலோ, பின்னால் காப்பதற்கு ஆள் இல்லாத வெட்டவெளி திறந்துவிடும். 38 லீக் ஆட்டங்களில் 21 வெற்றி, 6 சமன், 11 தோல்வி என்ற கணக்கில் சமன் இவ்வளவு குறைவாக இருப்பதற்கும், பிப்ரவரி இறுதியில் மிலான் நகரத்தின் சான் சிரோ மைதானத்தில் இன்டரிடம் 4–0 என்று நொறுங்கியதற்கும் காரணம் இதுவே.

ஆகவே குறைகளை முதலில் சொல்லிவிடுவது நேர்மை. லீக் ஆட்டங்களை மட்டும் தொடர்கிற ஒருவருக்கு இந்த சீசன் எரிச்சலூட்டும். இரண்டாம் வாரத்திலேயே, புதிதாக மேல் பிரிவுக்கு வந்த ஃப்ரோசினோனேயிடம் தோற்றார்கள். ஏப்ரல் 7 அன்று தரமிறக்கப் பயத்தில் இருந்த காலியாரியிடம் கடைசி நிமிடங்களில் விட்டுக்கொடுத்த கோலால் 2–1 என்று தோற்றார்கள். ஏப்ரல் 15 அன்று சொந்த மைதானத்தில் வெரோனாவுக்கு எதிராக இரண்டு கோல் முன்னிலை பெற்றும் 2–2 என்று சமன் செய்தார்கள். போதாக்குறைக்கு, மைதானத்தின் தெற்குக் கேலரி இடிக்கப்பட்டுக் கட்டுமானம் நடந்துகொண்டிருந்ததால், சீசன் டிக்கெட் வாங்கியவர்கள் ஒரு பக்கம் குறைபட்ட அரங்கில்தான் உட்கார வேண்டியிருந்தது.

ஆனால் ஏப்ரலின் அந்த இரண்டு சறுக்கல்களுக்கும் நடுவில், ஏப்ரல் 11 அன்று, யூரோப்பா லீக் காலிறுதியின் முதல் ஆட்டத்தில், இதே அணி லிவர்பூலின் மைதானமான ஆன்ஃபீல்டில் 3–0 என்று வென்றது. ஸ்கமாக்கா இரண்டு, மாரியோ பசாலிச் ஒன்று. அது அதிர்ஷ்டத்தில் வந்த வெற்றி அல்ல என்பதற்கு ஆட்டத்தின் தொடக்கமே சாட்சி. மூன்றாவது நிமிடம் போல பசாலிச் மிக அருகிலிருந்து அடித்த பந்து கோல்கீப்பர் கெல்லஹரின் முகத்தில் பட்டுத்தான் வெளியேறியது. மறு ஆட்டத்தில் லிவர்பூலின் சாலா அடித்த பெனால்டியால் 1–0 என்று தோற்றபோதும், இரண்டு ஆட்டங்களின் கோல்களையும் கூட்டிப் பார்ப்பதால் தகுதி கைவிட்டுப் போகவில்லை. அரையிறுதியில் மார்செய் அணியுடன் முதல் ஆட்டம் 1–1, பெர்காமோவில் 3–0.

மே மாதத்தின் நடுவில் வந்த எட்டு நாள்கள்தான் இந்த சீசனின் சாரம். மே 15 அன்று ரோமில், இத்தாலியக் கழகங்களுக்கான நாக்அவுட் கோப்பையான கோப்பா இத்தாலியாவின் இறுதியாட்டம். தடைக்குள்ளான ஸ்கமாக்கா ஆட முடியவில்லை. நான்காவது நிமிடத்தில் யுவென்டஸின் விளாஹோவிச் அடித்த ஒரே கோல் முடிவைத் தீர்மானித்தது. நடுக்களத்தின் முதுகெலும்பான மார்ட்டென் டி ரூன் காயப்பட்டு வெளியேறினார். தோல்வியோடு நில்லாமல் ஆளையும் இழந்த அணி, மூன்று நாள் கழித்து லெச்சேயில் 2–0 என்று வென்று, ஐரோப்பாவின் முதன்மைக் கழகப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கில் அடுத்த சீசனுக்கான இடத்தை உறுதிசெய்துவிட்டு, மே 22 அன்று டப்ளினில் யூரோப்பா லீக் இறுதியாட்டத்துக்கு இறங்கியது. எதிரே நின்றது பயேர் லெவர்குசன். அந்த சீசனில் எல்லாப் போட்டிகளையும் சேர்த்து 51 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காத, ஜெர்மன் லீக்கையே தோல்வியின்றி வென்ற அணி அது.

அந்த ஆட்டத்தில் அட்டலாண்டாவின் முன்கள வீரர் அடெமோலா லுக்மன் செய்ததை நிறுத்தி நிறுத்திப் பார்க்க வேண்டும். 12வது நிமிடத்தில், வலப்பக்கமிருந்து சப்பகோஸ்தா உள்ளே அனுப்பிய பந்துக்கு, தன்னைக் கவனிக்காமல் நின்ற லெவர்குசன் வீரர் பலாசியோஸின் முதுகுப் பக்கத்திலிருந்து பாய்ந்து வந்து முதல் கோலை அடித்தார். 26வது நிமிடத்தில், கிரானிட் ஜாக்காவின் இரு கால்களுக்கு நடுவே பந்தைச் செலுத்தித் தாண்டி, பெனால்டி பெட்டிக்கு வெளியிலிருந்தே வலது காலால் வளைத்து அனுப்பினார். 75வது நிமிடத்தில், பந்தின் மேல் காலைச் சுழற்றிப் பின்கள வீரரை ஏமாற்றி, இந்த முறை இடது காலால் கோல்வலையின் மேற்பகுதியில் அறைந்தார். மூன்று கோல்களும் மூன்று விதம். 3–0 என்ற முடிவைவிட, லெவர்குசனின் வழக்கமான கடைசி நேர மீட்சிக்குச் சிறு வாய்ப்பும் தராமல் தொண்ணூறு நிமிடமும் ஆளுக்கு ஆள் பிடித்து நின்றதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பதினொரு முறை லீக்கில் காலை வாரிவிட்ட அதே முறைதான் இங்கே ஈடேறியது. பாதுகாப்பாக ஆடும் பயிற்சியாளராக இருந்திருந்தால் அந்தத் தோல்விகளில் பாதி குறைந்திருக்கலாம், டப்ளின் வாய்த்திருக்காது.

கழகத்தின் முந்தைய பெரிய கோப்பை 1963இல் வென்ற கோப்பா இத்தாலியா. அந்த இறுதியாட்டத்திலும் அஞ்சலோ தொமெங்கினி என்ற ஒருவரே ஹாட்ரிக் அடித்திருந்தார் என்பது சுவையான பொருத்தம். அப்போது 66 வயதான காஸ்பெரினிக்கு டப்ளினில் வென்றதே முதல் பெரிய கோப்பை. பெர்காமோவில் பிறக்கும் குழந்தைகளுக்குக் கழகமே ஒரு சிறு ஜெர்சியைப் பரிசளிக்கும் வழக்கம் பல ஆண்டுகளாக உண்டு. அந்தக் குழந்தைகளில் தொடங்கி அறுபது வயதைத் தொட்டவர்களுக்கும், தங்கள் ஆயுளில் பார்த்த முதல் கோப்பை இதுதான்.

மதிப்பெண் கேட்டால், லீக்குக்கு ஐந்தில் மூன்று, ஐரோப்பாவுக்கு ஐந்துக்கு ஐந்து. முழு சீசனையும் மறு ஒளிபரப்பில் பார்க்க நேரமில்லாதவர்கள் மூன்று ஆட்டங்களோடு நிறுத்திக்கொள்ளலாம்: 2023 டிசம்பர் 9 அன்று, கூடுதல் நிமிடங்களில் லூயிஸ் முரியெல் குதிகாலால் தட்டிய கோலில் ஏசி மிலானை 3–2 என்று வென்ற ஆட்டம், ஆன்ஃபீல்ட், டப்ளின். காஸ்பெரினியின் முறை எங்கே கிழிகிறது என்பதையும் அறிய விரும்புகிறவர்கள் சான் சிரோவில் வாங்கிய நான்கு கோல்களை நான்காவதாகச் சேர்த்துக்கொள்ளவும். டப்ளினுக்குப் பிறகு அல்ல, முன்பாகப் பார்ப்பது நல்லது.