கொழும்புக்கு ஏற்ற எயார் பிஸ்டல் எது?

குறி சுடுவதற்கு ஒரு கைத்துப்பாக்கி வாங்கலாம் என்று கொழும்பில் யோசிப்பவர் .22 தோட்டாத் துப்பாக்கி ஆசையை இப்போதைக்கு மூட்டை கட்டி வைப்பது நல்லது. பார்டினி எஸ்.பி., வால்தர் ஜி.எஸ்.பி. எல்லாம் 25 மீற்றருக்கு அருமையான சாமான்கள்தான். ஆனால் அனுமதிப்பத்திரம், அதை ஆண்டுதோறும் புதுப்பிப்பது, தோட்டா, சுடுவதற்கு 25 மீற்றர் தளம் என்று பார்த்தால் பொழுதுபோக்காகத் தொடங்கும் ஒருவருக்கு அது மிக நீண்ட பாதை. கையில் எட்டக்கூடியது 10 மீற்றர் எயார் பிஸ்டல், 4.5 மில்லிமீற்றர் ஈயச் சன்னம்.

இதுவும் கடைக்குப் போய்க் காசைக் கொடுத்துத் தூக்கிக்கொண்டு வரும் பொருள் அல்ல. சுடுகலன் சட்டம் இங்கே 1916ஆம் ஆண்டிலிருந்தே இருக்கிறது. காற்றில் இயங்குவதுதானே என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. முதலில் ஒரு கழகத்தில் சேருங்கள், கழகத் துப்பாக்கியில் பழகுங்கள், அனுமதி எழுத்தில் கைக்கு வந்த பிறகு மட்டும் காசு அனுப்புங்கள். இணையத்தில் ஓர்டர் பண்ணிவிட்டுப் பிறகு பேப்பர் தேடினால், பெட்டி சுங்கத்தில் கிடக்க நீங்கள் படியேறி இறங்க வேண்டிவரும்.

இனி எதை வாங்குவது? எல்லோரும் முதலில் கேட்பது “எது நேராகச் சுடும்?” என்பது. அந்தக் கேள்வியில் பிரயோசனமில்லை. பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீற்றர், சன்னமே 4.5 மில்லிமீற்றர் அகலம், கோட்டைத் தொட்டாலே மேல் புள்ளி. போட்டிக்கென்று செய்த எந்த பிஸ்டலையும் பிடிகருவியில் இறுக்கிவைத்து, பொருந்தும் சன்னத்தால் சுட்டால், ஓட்டைகள் ஒன்றின்மேல் ஒன்றாக அந்த வட்டத்துக்குள் விழும். சிதறுவது கையால். ஆகவே பார்க்க வேண்டியவை மூன்று: கைப்பிடி, ட்றிகர், காற்று எங்கிருந்து வருகிறது. கொழும்பில் மூன்றாவதுதான் தீர்ப்பை மாற்றுகிறது.

கைப்பிடி எஸ், எம், எல் என்று அளவுகளில் வரும். உள்ளங்கையின் அகலத்தை விரல் முட்டிகளுக்குக் கீழே மில்லிமீற்றரில் அளந்து, தயாரிப்பாளரின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். இரண்டு அளவுகளுக்கு நடுவே விழுந்தால் சிறியதை எடுங்கள். மரப்பசை பூசிப் பெருக்கலாம், செதுக்கிச் சிறிதாக்குவது கடினம். பொருத்தம் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. கண்ணை மூடி, பிஸ்டலைக் குறிக்கு உயர்த்தி, கண்ணைத் திறவுங்கள். முன் சைட் (குழல் நுனியில் குறிபார்க்கும் துண்டு) பின் சைட்டின் நடுவில் நிற்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் ஒரே பக்கம் விலகி நின்றால் கைப்பிடியின் கோணம் உங்களுக்குச் சரியில்லை. மணிக்கட்டை வளைத்துத் திருத்தினால் இருபதாவது சூட்டில் மணிக்கட்டு களைத்துவிடும், சூடும் அந்தப் பக்கமே போகும். கைப்பிடி பெரிதானால் விரல் ட்றிகருக்கு எட்டாமல் நுனியால் தள்ளும். வலக்கைக்காரருக்குச் சூடுகள் இடப்பக்கம் நகரும். முதல் மூட்டுக்கும் நுனிக்கும் இடைப்பட்ட சதை ட்றிகரில் படிந்து, விரல் நேரே பின்னோக்கி இழுக்க வேண்டும். விரலின் பக்கம் மரத்தில் உரசவும் கூடாது.

போட்டி விதியும் நினைவில் இருக்கட்டும்: மரம் கையைச் சுற்றி வளைக்கக் கூடாது, முழு பிஸ்டலும் 420 × 200 × 50 மில்லிமீற்றர் பெட்டிக்குள் அடங்க வேண்டும், எடை 1500 கிராமைத் தாண்டக் கூடாது. மரப்பசையைத் தாராளமாகப் பூசியவர்கள் 50 மில்லிமீற்றர் அகலத்தில்தான் மாட்டுப்படுகிறார்கள்.

ட்றிகரின் ஆகக் குறைந்த இழுவை 500 கிராம். சரியாக 500இல் வைக்காதீர்கள். 520 அளவில் வைத்தால் பரிசோதனையில் பதற்றமில்லை. வீட்டில் பார்ப்பதும் எளிது. அரைக்கிலோ சீனிப் பக்கற்றைத் தராசில் நிறுத்து, கயிறு, கொக்கி எல்லாம் சேர்த்து 500 கிராம் வருமாறு சரிசெய்யுங்கள். சன்னமும் காற்றும் இல்லாத பிஸ்டலை கொக் பண்ணி (சுடும் நிலைக்குக் கொண்டுவந்து), குழல் மேல்நோக்கி நிற்க, ட்றிகரில் கொக்கியை மாட்டி மெதுவாகத் தூக்குங்கள். விழாமல் தாங்கினால் சரி. ட்றிகர் இரண்டு கட்டமாக இருக்க வேண்டும்: முதல் இழுவையில் 350 முதல் 400 கிராம் வரை எடுத்துவிட்டு, ஒரு தெளிவான தடையில் நின்று, மிச்சத்தில் சுட வேண்டும். அந்தத் தடை மங்கலாக இருந்தாலோ, இரண்டாம் கட்டத்தில் விரல் கரகரவென்று ஊர்ந்தாலோ, எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

காற்றுக்கு வருவோம். இரண்டு வகை உண்டு. ஒன்று, ஒவ்வொரு சூட்டுக்கும் நெம்புகோலை ஒருமுறை இழுத்து அழுத்துவது. மற்றது, 200 பார் அழுத்தத்தில் நிரப்பிய சிலிண்டரில் இயங்குவது. ஐரோப்பாவில் எழுதப்படும் மதிப்புரைகள் எல்லாம் சிலிண்டரையே கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்யும், ஏனென்றால் அங்கே றேஞ்சிலேயே உலர்ந்த காற்று கிடைக்கிறது. கொழும்பில் அதே பிஸ்டலை வாங்குபவர் பெரும்பாலும் கைப்பம்பையும் சேர்த்து வாங்குகிறார். பழுது அங்கேதான் ஆரம்பம்.

கணக்கைப் பாருங்கள். 30 பாகை வெப்பத்தில், 80 சதவீத ஈரப்பதனில், ஒரு கன மீற்றர் காற்றில் ஏறக்குறைய 24 கிராம் நீர் இருக்கிறது. 100 மில்லிலீற்றர் சிலிண்டரை வெறுமையிலிருந்து 200 பாருக்கு நிரப்ப 20 லீற்றர் காற்று வேண்டும். அதில் அரைக் கிராம் நீர், பத்துத் துளி அளவு. பம்பின் வடிகட்டி ஒரு பகுதியைப் பிடிக்கும், மிச்சம் உள்ளே போகும். பத்து நிரப்பல், இருபது நிரப்பல் என்று போக, றெகுலேட்டரின் (சிலிண்டர் காற்றை ஒரே அழுத்தத்துக்குக் குறைத்துக் கொடுக்கும் பாகம்) வில்வளையங்களில் துரு பிடிக்கும். இரண்டு சூடுகளுக்கு இடையில் ஐந்து நிமிடம் ஓய்வெடுத்துவிட்டுச் சுட்டால் முதல் சூடு மட்டும் வழக்கத்துக்கு மேலே போகிறதா? றெகுலேட்டர் அழுத்தத்தைப் பிடித்து வைக்காமல் கசியவிடுகிறது என்று அர்த்தம். பலர் இதைத் தங்கள் கையின் குறை என்று நினைத்து மாதக்கணக்கில் சைட்டைத் திருகிக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே சிலிண்டர் பிஸ்டல் வாங்குவதென்றால் சுழியோடிகளின் காற்றை நம்புங்கள். கரையோரத்தில் சுழியோடல் சேவை நடத்துவோரின் கொம்ப்ரெசர்களில் ஈரம் உறிஞ்சும் வடிகட்டி இருக்கும். அதைக் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று கேட்டுவிட்டு நிரப்புங்கள். 12 லீற்றர் சுழியோடிச் சிலிண்டர் ஒன்றை 200 பாருக்கு நிரப்பினால், அது 150க்கு இறங்குவதற்குள் 600 லீற்றர் காற்று கிடைக்கும். பிஸ்டலை ஒருமுறை 100இலிருந்து நிரப்ப 10 லீற்றருக்கு மேல் போகாது. மாதக்கணக்கில் கவலையில்லை, தாய்ச் சிலிண்டரின் அழுத்தம் இறங்க இறங்க பிஸ்டலும் 180, 160 என்றுதான் நிரம்பும், அவ்வளவே. வாங்க முன்னர் இணைப்பைப் பாருங்கள்: பிஸ்டலோடு வரும் நிரப்பி திருகு வகை, சுழியோடிச் சிலிண்டரின் வாய் கவ்வி வகையாக இருந்தால் ஒரு மாற்றுத் துண்டு தேவை. மெதுவாக நிரப்புங்கள்; அவசரமாக நிரப்பினால் சூடாகி 200 காட்டும், ஆறியதும் 185இல் நிற்கும். வைத்தியசாலை ஒட்சிசன், வெல்டிங் கடை வாயு எதையும் கிட்டவும் கொண்டுவராதீர்கள். எண்ணெய்ப் பசையும் உயர் அழுத்த ஒட்சிசனும் சந்தித்தால் வெடிக்கும்.

இப்போது தனித்தனியாக.

வைராவ்க் எச்.டபிள்யூ. 40. மலிவு, இலேசு, மேற்பாகத்தைத் தூக்கி அழுத்துவது, இரு கைக்கும் ஒத்துவரும் பிடி. ஆனால் அதன் ஒளியிழைச் சைட்டில் தெரிவது நிறப்புள்ளி. குறி சுடத் தேவை, இரு பக்கமும் சம வெளிச்சக் கோடு தெரியும் கறுப்புச் சதுரம். போட்டியில் ஒளியிழைக்கு அனுமதியும் இல்லை. விருப்பம் நிலைக்குமா என்று பார்க்க நல்லது, ஒரு வருடத்துக்குள் விற்கத் தோன்றும்.

பைக்கால் 46எம். ரஷ்யத் தயாரிப்பு, பார்வைக்கு இரும்புக் கடைச் சாமான் போலத்தான் இருக்கும். குழல் முதல்தரம், ட்றிகர் திருத்தக்கூடியது, கைப்பிடி படுமோசம். வாங்கிய கையோடு அரமும் உப்புத்தாளும் எடுக்க வேண்டும். ஒவ்வொரு சூட்டுக்கும் சற்று முன்தான் காற்றை உள்ளே எடுக்கிறது, சுடும்போது வெளியே விடுகிறது, உள்ளே நீர் தேங்க இடமில்லை. நம் காலநிலைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? குறை ஒன்று உண்டு, பெரிய குறை: ஒவ்வொரு சூட்டுக்கும் பிடியைத் தளர்த்தி நெம்புகோலை இழுத்து மறுபடி பிடிக்க வேண்டும். போட்டியில் 60 சூடு, 75 நிமிடம், அதற்கு முன் பரீட்சைச் சூடுகள் வேறு. நெம்புகோலை முழுத் தூரமும் திறந்து, ஒரு கணம் நிறுத்தி மூடுங்கள். அரைகுறையாகத் திறந்தால் காற்றுக் குறைந்து சன்னம் கீழே விழும். இடக்கையால் இழுத்தால் சுடும் கை களைக்காது. அழுத்திய நிலையில் பெட்டிக்குள் வைக்காதீர்கள். புதிதாகக் கிடைப்பது அரிது, பாவித்ததுதான் தேட வேண்டும். சீல், ஓ-ரிங் (காற்று கசியாமல் தடுக்கும் வளையம்) தொகுதி ஒன்றையும் சேர்த்தே கேளுங்கள்.

ஹெம்மர்லி ஏ.பி. 20. சிலிண்டர் வகையில் ஆரம்ப நிலை. ஒரு கிலோவுக்குக் குறைவான எடை, இளவயதினருக்கும் மெலிந்த மணிக்கட்டுக்கும் வசதி. திருத்தக்கூடிய பிளாஸ்டிக் பிடி வியர்வையில் உப்பாது என்பது இங்கே ஒரு சிறப்பு. வால்நட் மரம் ஈரத்தில் பருத்துத் திருகை இறுக்கிவிடும்.

ஸ்டெயர் எவோ 10, அதன் முன்னோடி எல்.பி. 10. உள்ளே எதிர்த்திசையில் நகரும் ஓர் எடை இருக்கிறது, உதைப்பு கையில் தெரியாது. சுட்ட பின்னும் சைட் குறியிலேயே நிற்பதால், உங்கள் பிழையை நீங்களே பார்க்கலாம். நல்ல பிஸ்டலுக்குக் கொடுக்கும் காசில் பாதி இந்த ஒன்றுக்காகத்தான். இயந்திர ட்றிகர் வகையையே எடுங்கள்.

மொரீனி 162 ஈ.ஐ. மின்னணு ட்றிகர். ஆயிரம் தடவை இழுத்தாலும் ஆயிரமும் ஒரே மாதிரி. காலி வீதியின் உப்புக்காற்றில் மின்கலத் தொடுகைகள் பச்சை பூத்தால் திருத்திக் கொடுக்க இங்கே ஆள் தேடுவது பெரும்பாடு. டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் மனு பாக்கருக்குத் தகுதிச்சுற்றின் நடுவிலேயே பிஸ்டல் பழுதாகி நிமிடங்கள் பறிபோயின. பாரிசில் அவர் இரண்டு வெண்கலம் வென்றது வேறு கதை. அந்த மட்டத்திலேயே நடக்கிறது என்றால், உதிரிப்பாகம் கடல் தாண்டி வரவேண்டிய ஊரில் எளிய பொறியே மேல். இதே பிஸ்டலின் எம்.ஐ. வகை இயந்திர ட்றிகருடன் வருகிறது.

நம் தெரிவு: சுழியோடிக் காற்று உறுதியாகக் கிடைக்குமானால் பாவித்த எல்.பி. 10, இல்லாவிட்டால் தயங்காமல் 46எம். புதிய ஏ.பி. 20 இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. கைப்பம்பு மட்டுமே வழி என்றால் அதையும் விடுங்கள்.

சன்னத்தைப் பற்றி அதிகம் மினக்கெட வேண்டாம். தட்டை முகம், 0.45 முதல் 0.53 கிராம் வரை. ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்10, எச் அண்ட் என் பைனல் மெச், ஜே.எஸ்.பி. எதுவானாலும் 4.49, 4.50 இரண்டிலும் ஒவ்வொரு டப்பா வாங்கி, மேசையில் கையை ஊன்றி ஐந்தைந்தாகச் சுட்டுப் பாருங்கள். எது இறுக்கமாகக் கூடுகிறதோ அதுவே. ஈயம் என்பதால் சுட்ட கையோடு ஷோர்ட் ஈட்ஸ் எடுக்காதீர்கள், சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகு சாப்பிடுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பெட்டியோடு வந்த பஞ்சை வெளியே எடுத்துவிடுங்கள். அந்தப் பஞ்சு ஈரத்தைக் குடித்து இரும்போடு ஒட்டவைத்திருக்கும். முன் சைட்டின் விளிம்பில் முதல் துரு அங்கிருந்துதான் வரும். காற்றுப்புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், நிறம் மாறியதும் ஓவனில் உலர்த்தி மறுபடி போடலாம். ஒவ்வொரு பயிற்சிக்குப் பின்னும் எண்ணெய் தொட்ட துணியால் இரும்புப் பாகங்களைத் துடையுங்கள், சிலிண்டரின் ஓ-ரிங் பக்கம் மட்டும் சாதாரண எண்ணெய் வேண்டாம்.

பாவித்த சிலிண்டர் பிஸ்டல் என்றால் விலை பேச முன்னர் சிலிண்டரில் அடித்திருக்கும் ஆண்டையும் மாதத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். தயாரித்து பத்து ஆண்டுகள்தான் வழமையான ஆயுள். 2016 என்று இருந்தால் புதிய சிலிண்டரின் விலையைப் பேசும் விலையிலிருந்து கழித்துவிடுங்கள். விமானத்தில் வருவதென்றால் சிலிண்டரைக் கழற்றி, காற்றை முழுவதும் வெளியேற்றி, வெறுமையாக அனுப்ப வேண்டும் என்பதையும் விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.