'சீனியில்லா ரொட்டி'க்கு முன்பணம் கட்டிய பதினொரு பேர்: பினாங்கு மூத்தோர் குடியிருப்புகளுக்கு ஓர் எச்சரிக்கை

பினாங்கில் முதியோருக்கென அமைந்த அடுக்ககங்களில் வசிப்பவர்களும், பெற்றோரை அத்தகைய இடங்களில் குடியமர்த்தியிருக்கும் பிள்ளைகளும் படிக்க வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளக் கூடத்தில் வாரந்தோறும் மேசை போட்டு, சீனியில்லா அணிச்சல் (கேக்), முழுக்கோதுமை ரொட்டி, முட்டையில்லா பன் என்று விற்று, மூன்று மாதப் பணத்தை முன்னதாகவே வாங்கிக்கொண்ட ஒருவரிடம் நாங்கள் பதினொரு பேர் ஏமாந்தோம். அந்தப் பணத்தை வீடு வீடாகச் சென்று வசூலித்துக் கொடுத்தவள் நான். விவகாரம் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் இருப்பதால் அவருடைய பெயரையோ அவர் பயன்படுத்திய கடைப் பெயரையோ இங்கே குறிப்பிடவில்லை. ஆனால் அவர் நடந்துகொண்ட முறையைத் தெரிந்துகொண்டால், உங்கள் வாசலுக்கு வரும்போது அடையாளம் காண முடியும்.

எங்கள் குடியிருப்பு தஞ்சோங் பூங்கா பக்கம், மேட்டுப்பாங்கான இடத்தில் இருக்கிறது. பெரும்பாலோர் கார் ஓட்டுவதை விட்டுவிட்டவர்கள். கீழே இறங்கி 101 எண் பேருந்தைப் பிடித்தால் நகர மையத்தில் இருக்கும் கொம்தார் வரை போய்விடலாம் என்றாலும், திரும்பி வரும்போது அந்த மேட்டைச் சாமான்களோடு ஏறுவது எல்லாருக்கும் கைகூடுவதில்லை. முன்பெல்லாம் மோட்டார் சைக்கிளில் ஹாரன் அடித்துக்கொண்டு வரும் ரொட்டிக்காரர் போதுமானவராக இருந்தார். இப்போது எங்கள் தேவை மாறிவிட்டது. சுகாதார அமைச்சு 2023இல் நடத்திய ஆய்வின்படி நாட்டில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருக்கிறது. எங்கள் மின்தூக்கியில் நான்கு பேர் ஏறினால் இரண்டு பேர் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். முட்டைகூடத் தொடாத சைவர்கள் இருக்கிறார்கள், உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்கள் இருக்கிறார்கள், பல் இல்லாததால் மென்மையான ரொட்டி மட்டுமே தின்னக்கூடியவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் எல்லாருக்கும் ஏற்றதைச் செய்து, அதைக் கட்டடத்துக்கே கொண்டுவந்து தரும் ஒரு பேக்கரி கிடைத்தால் அது எத்தனை பெரிய வசதி என்பதை வெளியில் இருப்பவர்களுக்கு விளக்குவது கடினம்.

அந்த வசதியைத்தான் அவர் விற்றார். புதன்கிழமை காலை உடற்பயிற்சி முடிந்து நாங்கள் கூடத்தில் உட்கார்ந்து கோப்பி குடிக்கும் நேரமாகப் பார்த்து வருவார். முப்பது வயதிருக்கும், நல்ல தமிழ் பேசினார். முதல் இரண்டு வாரம் எல்லாவற்றையும் இலவசமாகவே சுவைக்கக் கொடுத்தார். யாருக்கு என்ன நோய், யார் என்ன சாப்பிடமாட்டார் என்று ஒரு சிறு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டதைப் பார்த்து, எங்கள் பிள்ளைகள்கூட இவ்வளவு விசாரிப்பதில்லையே என்று ஒருவர் சொன்னார். நான் தமிழ்ப்பள்ளியில் முப்பத்தோராண்டு வேலை செய்து ஓய்வு பெற்றவள் என்று தெரிந்ததும் என்னை 'டீச்சர்' என்றே அழைக்கத் தொடங்கி, "டீச்சர் ஒரு வார்த்தை சொன்னால் மற்றவர்கள் நம்புவார்கள்" என்று வெளிப்படையாகவே கேட்டார். அந்தச் சொல்லில் நான் மயங்கினேன் என்பதை மறைப்பதற்கில்லை.

மூன்றாவது வாரம் ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தார். வாரம் ஒரு ரொட்டியும் ஒரு சிறிய அணிச்சலும் சேர்ந்து 30 வெள்ளி (ரிங்கிட்). பன்னிரண்டு வாரத்துக்கு முன்பணம் கட்டினால் பத்து விழுக்காடு கழிவு, ஆக ஒருவருக்கு 324 வெள்ளி. பதினொரு பேரிடம் வசூலானது 3,564 வெள்ளி. கடையின் பெயரில் வங்கிக் கணக்கு இன்னும் திறக்கவில்லை என்று சொல்லித் தம்முடைய சொந்தக் கணக்குக்கே அனுப்பச் சொன்னார். அப்போதே நான் நின்று யோசித்திருக்க வேண்டும். ரசீது கேட்டதற்குத் தயங்காமல் ரசீதுப் புத்தகத்தை எடுத்து எழுதிக் கொடுத்ததால், அந்தத் தயக்கமின்மையையே நேர்மைக்குச் சான்றாக எடுத்துக்கொண்டேன். ஓய்வூதியத்தில் வாழ்கிறவர்களுக்கு 324 வெள்ளி சிறு தொகை அன்று.

பணம் கட்டிய அடுத்த வாரத்திலிருந்தே பண்டம் மாறியது. இலவசமாகத் தந்தபோது ரொட்டியின் தோல் முறுகலாகவும் உள்ளே ஒழுங்கற்ற துளைகளோடும் இருந்தது. இப்போது வந்தது பஞ்சு போன்ற, எல்லாப் பக்கமும் ஒரே சீரான ரொட்டி. முழுக்கோதுமை என்று வந்ததில் தவிட்டுத் துகள் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை, நிறம் மட்டும் கோப்பி கலந்ததுபோல் பழுப்பாக இருந்தது. முழுக்கோதுமை மாவில் செய்த ரொட்டியைக் கிள்ளிப் பார்த்தால் தவிடு புள்ளி புள்ளியாகத் தெரியும். சாயத்தால் வந்த பழுப்பில் அந்தப் புள்ளிகள் இருக்காது. 'சவர்டோ' என்ற புளித்தமாவு ரொட்டியிலும் இதே கதைதான். அதை முறைப்படி செய்ய மாவும் தண்ணீரும் உப்பும் போதும். மாவில் இயற்கையாக வளரும் நுண்ணுயிர்களே புளிக்கச் செய்து உப்ப வைக்கும், அதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். இட்லி மாவு புளிப்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதைப் புரிந்துகொள்வதில் சிரமம் இல்லை, அந்தப் புளிப்பு வாசம் எப்படி இருக்கும் என்பதும் தெரியும். அவர் கொண்டுவந்த ரொட்டியில் இருந்தது காடியின் வாசம். மேலும், பதனப்பொருள் எதுவும் சேர்க்காதது என்று சொல்லித் தந்த அந்த ரொட்டி, பினாங்கின் புழுக்கத்தில் என் சமையலறை மேசைமேல் ஒன்பது நாள் பூஞ்சணம் பிடிக்காமல் மெத்தென்று கிடந்தது.

இவை எல்லாவற்றையும் கவனித்தும் நான் வாய் திறக்கவில்லை. நான் சிபாரிசு செய்ததை நானே குறை சொல்ல வேண்டியிருக்குமே என்ற கூச்சம்தான் காரணம். அந்த மூன்று வார மௌனத்தின் விளைவை என் மேல்மாடியில் இருக்கும் அண்ணன் அனுபவித்தார். துறைமுகத்தில் வேலை பார்த்தவர், எதையும் எழுதி வைக்கும் பழக்கமுள்ளவர். பசியாறி இரண்டு மணி நேரம் கழித்து அவருடைய சர்க்கரை அளவு வழக்கமாக 8 அல்லது 9 மில்லிமோலில் நிற்கும். அந்த 'சீனியில்லா' வாழைப்பழ அணிச்சலைச் சாப்பிட்ட புதன்கிழமைகளில் அது 14ஐத் தாண்டியிருந்தது. முதல் வாரம் கருவி கெட்டுவிட்டது என்று நினைத்துப் புது சோதனைப் பட்டை வாங்கியிருக்கிறார். மூன்றாவது வாரம் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்து, "டீச்சர், இதை ஒரு தடவை பாருங்கள், நான் தப்பாக எழுதியிருக்கிறேனா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அடுத்த புதன்கிழமை ரொட்டி விற்பவரிடம் நேராகவே கேட்டேன். கொஞ்சமும் அசையாமல், "வெள்ளைச் சீனி போடவில்லை என்றுதானே சொன்னோம் டீச்சர், குலா மெலாக்காவும் பேரீச்சம்பழமும் இயற்கையானவை" என்றார். குலா மெலாக்கா என்பது தென்னம்பாளையிலிருந்து வடியும் சாற்றைக் காய்ச்சி எடுக்கும் வெல்லம். அதில் பெரும்பகுதி, வெள்ளைச் சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். ஓர் உணவைச் சீனியற்றது என்று சொல்ல வேண்டுமானால் 100 கிராமில் 0.5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக்கூடாது என்பது அனைத்துலக உணவுத்தர நெறி. அந்தச் சர்க்கரை கரும்பிலிருந்து வந்ததா, தென்னையிலிருந்து வந்ததா என்பது அங்கே கணக்கில் வராது. உண்மையாகவே மால்டிட்டால் போன்ற மாற்று இனிப்பைச் சேர்த்துச் செய்பவர்களும் உண்டு. அதுவும் சர்க்கரையை ஓரளவு ஏற்றும், அதிகம் தின்றால் வயிற்றுப்போக்கும் வரும் என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது.

உண்மை வெளிப்பட்டது குப்பைத்தொட்டியில். எங்கள் கட்டடத்தைத் துப்புரவு செய்யும் அம்மாள், ரொட்டி விற்பவர் போன பிறகு தொட்டியில் கிடந்த இரண்டு பெரிய பிளாஸ்டிக் உறைகளைக் கொண்டுவந்து காட்டினார். தொழிற்சாலையில் மொத்தமாகச் செய்து விற்கும் ரொட்டியை வாங்கி, அந்த உறையைக் கழற்றிவிட்டு, தம்முடைய தெளிவான பையில் போட்டு ஒட்டுச்சீட்டு ஒட்டிக் கொடுத்திருக்கிறார். உறையில் உள்ளடக்கம் மலாயில் அச்சாகியிருந்தது: கோதுமை மாவு, தண்ணீர், சீனி, தாவரக் கொழுப்பு, அதன் பிறகுதான் முழுக்கோதுமை மாவு, தொடர்ந்து ஈஸ்ட், அசெட்டிக் அமிலம், பதனப்பொருள் 282, நிறமி 150. நம் நாட்டுச் சட்டப்படி உள்ளடக்கப் பொருள்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில்தான் எழுத வேண்டும். ஆகவே கொழுப்புக்குப் பின்னால் வரும் ஒரு பொருள், ரொட்டியில் கொழுப்பைவிட அதிகமாக இருக்க முடியாது. முழுக்கோதுமை அங்கே பெயருக்குத்தான். 282 என்பது பூஞ்சணத்தைத் தடுக்கும் கால்சியம் புரோப்பியோனேட், 150 என்பது கேரமல் நிறமி. தொழிற்சாலையின்மேல் எனக்குக் குறையில்லை. அவர்கள் எல்லாவற்றையும் உறையில் எழுதியிருந்தார்கள், அந்த எழுத்தைக் கழற்றி எறிந்தவர் இவர்.

இரண்டாவது உறை பன்னுக்கானது. அதன் உள்ளடக்கத்தில் முட்டை இருந்தது. பக்கத்து வீட்டு அக்காவிடம் இதைச் சொல்லத்தான் எனக்குக் கால் வரவில்லை. எழுபத்தெட்டு வயதில் ஒருநாளும் முட்டை தொடாதவர், என் பேச்சை நம்பி ஐந்து வாரம் அதைத் தின்றிருக்கிறார். கேட்டுவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார், பிறகு எழுந்து குளிக்கப் போனார். என்னைத் திட்டவில்லை. மறுநாள் முழுவதும் உபவாசம் இருந்தார் என்று அவருடைய மகள் பின்னர் சொன்னாள்.

உறைகளைப் படம் எடுத்துப் புலனத்தில் (வாட்ஸ்அப்) ரொட்டி விற்றவருக்கு அனுப்பினேன். படித்ததற்கான அடையாளம் தெரிந்தது, பதில் வரவில்லை. அடுத்த புதன்கிழமை அவரும் வரவில்லை. ஏழு வாரப் பாக்கி ஒருவருக்கு 189 வெள்ளி, பதினொரு பேருக்கு 2,079 வெள்ளி.

போனது போகட்டும் என்று சிலர் சொன்னார்கள். அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை, நானும்தான். ரசீதில் இருந்த பதிவு எண்ணைக் கொண்டு மலேசிய நிறுவன ஆணையத்தில் கட்டணம் கட்டித் தேடியபோது, அது கைப்பேசி உதிரிப்பொருள் விற்பதற்காகப் பதிவு செய்யப்பட்ட வணிகம் என்று தெரிந்தது. ஆனாலும் அங்கே ஒரு முகவரி கிடைத்தது, வழக்குக்கு அது போதும். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இயங்கும் பயனீட்டாளர் உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை நாமே பதிவு செய்யலாம். கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞர் வைத்துக்கொள்ளத் தேவையில்லை. வாங்கிய மூன்றாண்டுக்குள் பதிவு செய்ய வேண்டும். மன்றம் தீர்ப்பளித்தால் அதைப் பதினான்கு நாளுக்குள் நிறைவேற்ற வேண்டும், மீறுவது குற்றமாகும். எங்கள் மனுவைக் கொடுத்துவிட்டோம், விசாரணை நாளுக்காகக் காத்திருக்கிறோம். உறை மாற்றி விற்றது பற்றிச் சுகாதார அமைச்சின் உணவுப் பாதுகாப்புப் பிரிவுக்குத் தனியாகப் புகார் எழுதினோம். படிவம் நிரப்பத் தயங்குபவர்கள் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். பல ஆண்டுகளாக நான்கு மொழிகளில் மக்களுக்கு எழுதிவரும் சங்கம் அது, தமிழிலேயே விஷயத்தைச் சொல்லலாம்.

இனி உங்கள் கூடத்தில் யாராவது மேசை போட்டால், சுவைத்துப் பார்ப்பதற்கு முன் உறையைப் புரட்டிப் பாருங்கள். பொட்டலமாக விற்கும் உணவில் செய்தவரின் பெயர், முகவரி, உள்ளடக்கம், காலாவதித் தேதி இருந்தாக வேண்டும். கடைப் பெயரும் ஒரு பூப்படமும் மட்டும் இருந்தால் வாங்க வேண்டாம். எங்கே செய்கிறீர்கள், நாங்கள் வந்து பார்க்கலாமா என்று கேளுங்கள். உணவைக் கையாள்பவர்கள் பயிற்சிச் சான்றிதழும் டைபாய்டு தடுப்பூசியும் பெற்றிருக்க வேண்டும் என்பது விதி. நேர்மையாகத் தொழில் செய்பவர் அவற்றைக் காட்டக் கோபப்படமாட்டார். சொந்தக் கணக்குக்குப் பணம் கேட்டால், காவல்துறையின் 'செமாக் மியூல்' இணையப்பக்கத்தில் அந்தக் கணக்கு எண்ணைப் போட்டு முன்பு புகார் வந்திருக்கிறதா என்று பார்க்கலாம். பார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி, வரும் வாரத்து ரொட்டிக்கு வரும் வாரம் பணம் கொடுத்தால் போதும்.

நாங்கள் இப்போது முறை வைத்துக்கொண்டிருக்கிறோம். வாரம் இருவர் 101இல் ஏறிக் கொம்தாரில் இறங்கி, ட்ரான்ஸ்பர் ரோட்டுப் பக்கம் போய்ப் பெங்காலி ரொட்டி வாங்கி வருகிறார்கள். வங்காளத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை, கூட்டாகத் தொழில் நடத்திய நம் தமிழ் முஸ்லிம்களின் 'பங்காளி' என்ற சொல்தான் அப்படித் திரிந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். வெள்ளை மாவு ரொட்டிதான், நீரிழிவுக்காரருக்கு உகந்தது என்று அங்கே யாரும் சொல்லி விற்பதும் இல்லை. அண்ணன் அதில் ஒரு துண்டை மட்டும் பருப்புக் கறியோடு சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து அளந்து எழுதிக்கொள்கிறார். அக்கா இப்போதைக்கு ரொட்டியே வேண்டாம் என்று தோசைக்குத் திரும்பிவிட்டார்.

சென்ற வாரம் பட்டர்வொர்த்தில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கும் என் பழைய சக ஆசிரியை அழைத்தார். அங்கே வியாழக்கிழமைகளில் ஓர் இளைஞர் வருகிறாராம். கடைப் பெயர் வேறு, குறிப்பேடு அதேபோல, பன்னிரண்டு வாரத் திட்டம், பத்து விழுக்காடு கழிவு. அவர்கள் இன்னும் பணம் கட்டவில்லை. ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் வேறு எங்காவது இருந்தால், ரசீதையும் புலன உரையாடலையும் பணம் அனுப்பிய சான்றையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு, உடனே நடுவர் மன்றத்தில் பதிவு செய்யுங்கள்.